நடக்க முடியாதவருக்கு நடைக்குழுவில் என்ன வேலை?

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பூங்காவில் பணி ஓய்வு பெற்றவர்கள் நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்குக் கூடி, நடைப்பயிற்சியும் கைகால் பயிற்சியும் செய்து, சிரிப்புப் பயிற்சியோடு முடித்து, எதிர்க்கடையில் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுக் கலைவோம். எங்களுள் மூத்தவரான அண்ணாச்சி ஒருவர் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு வருவதில்லை. வெளியே சிறிது தூரம் நடக்கலாம் என்று மருத்துவரே சொல்லிவிட்டார். அழைத்தால், "நான் வந்தால் உங்களுக்குத்தான் இடைஞ்சல்" என்கிறார். வற்புறுத்துவதா, விட்டுவிடுவதா?
- வாசகர், பெருமாள்புரம், திருநெல்வேலி

பதில்: இரண்டும் வேண்டாம். நேற்றுவரை எல்லோருக்கும் முன்னால் கைவீசி நடந்த மனிதர், இன்று வாக்கரை ஊன்றிக்கொண்டு உள்ளே நுழையும்போது அத்தனை பேரும் நின்று திரும்பிப் பார்ப்பார்களே என்று கூசுகிறார். நீங்கள் கூட்டமாக ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனால், தாம் நோயாளி என்னும் எண்ணம் அவருக்கு வலுப்படுமே தவிர, பூங்காவுக்கு வரும் ஆசை பிறக்காது. அவரோடு நெருங்கிப் பழகிய ஒருவர் மட்டும் மாலை வேளையில் போய், வழக்கமான ஊர்க்கதைகளைப் பேசிவிட்டு, குழுவில் ஒரு வேலையை அவரிடம் ஒப்படைத்து வர வேண்டும்.

என்ன வேலை என்றால், எண்ணிக்கை சொல்லும் வேலை. அவரவர் எண்ணிக்கொண்டு பயிற்சி செய்தால் பாதிப்பேர் ஏழோடு நிறுத்திவிட்டுப் பத்து என்று சாதிப்பது எல்லாப் பூங்காக்களிலும் நடப்பதுதான். உரத்த குரலில் ஒன்று, இரண்டு என்று ஒருவர் எண்ணினால் யாரும் ஏமாற்ற முடியாது. அதற்கு முழங்காலும் தேவையில்லை. சிரிப்புப் பயிற்சியையும் அவரே நடத்தலாம். 1995-இல் மருத்துவர் மதன் கட்டாரியா மும்பைப் பூங்கா ஒன்றில் ஐந்தே பேருடன் சிரிப்பு மன்றத்தைத் தொடங்கியபோது துணுக்குகளைச் சொல்லித்தான் சிரித்தார்கள். சரக்கு தீர்ந்த பின்னரே, காரணமின்றிச் சிரிக்கும் இப்போதைய முறை வந்தது. உட்கார்ந்தபடியே நடத்தக்கூடிய பயிற்சி அது.

ஆனால், அவர் உட்காரும் இடத்தை முதலில் கவனியுங்கள். பூங்காக்களின் சிமெண்டு பெஞ்சுகள் பலவும் தாழ்வானவை. மூட்டு மாற்றியவருக்கு அவற்றிலிருந்து எழுந்திருப்பது பெரும்பாடு. கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி ஒன்றை, வாசலுக்கு அருகிலேயே, அவர் வரும் முன்பே போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நடைபாதைக் கற்களில் பாசி படர்ந்துவிடும். ஈரம் காயாத நாள்களில் அவரை அழைக்கவே வேண்டாம், மற்றவர்களும் பார்த்துத்தான் நடக்க வேண்டும். கணுக்காலை முன்னும் பின்னும் அசைப்பது, அமர்ந்தபடி முழங்காலை நீட்டி மடக்குவது போன்றவற்றை இயன்முறை மருத்துவர் அவருக்குக் கற்றுத் தந்திருப்பார். நீங்கள் நிற்கும் நேரத்தில் அவர் அவற்றைச் செய்துகொள்ளலாம். 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று 2020-இல் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம், இயலாதவர்கள் தங்கள் உடல்நிலை அனுமதிக்கும் அளவுக்குச் செய்தால் போதும் என்றும் கூறியிருக்கிறது.

இன்னொன்று: அவர் வந்த முதல் நாளில் கைதட்டி வரவேற்க வேண்டாம். "வாங்க அண்ணாச்சி" என்று எப்போதும் போல் சொல்லிவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் நடைக்குழுவில் யாருக்காவது பிறந்தநாள், பேரன் பிறப்பு என்று வாரந்தோறும் அல்வாவும் வடையும் வந்துவிடுகின்றன. எனக்குச் சர்க்கரை நோய். மறுத்தால் முகம் சுளிக்கிறார்கள். கருப்பட்டிக் காப்பியாவது குடிக்கலாமா?
- வாசகி, தச்சநல்லூர்

பதில்: கருப்பட்டியும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தவே செய்யும், அது சர்க்கரை நோயாளிக்குத் தீங்கு செய்யாது என்பது நம் பக்கத்தில் வேரூன்றிவிட்ட தவறான எண்ணம். விடியற்காலையில் அல்வா கொடுக்கும் அன்பை என்னவென்று சொல்வது! வாங்கிக்கொள்ளுங்கள், பொட்டலத்தைப் பிரிக்காமல் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். அதைவிட முக்கியமானது, இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும் என்பது. நடப்பதற்கு முன் ஏதேனும் சாப்பிட வேண்டுமா என்று உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு இந்த நோய் இருப்பது தோழியருள் இருவருக்கேனும் தெரிந்திருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் உடனே வாயில் இட, முந்தானை முடிச்சிலோ பையிலோ குளுக்கோஸ் வைத்திருங்கள்.