"சிமென்ட்டத்தான் பாத்துட்டு வந்தேன்" – ஒரு கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

ஆபீஸ் வேலையா சீனாவுல செங்டுல மூணு வாரம் இருந்தேன். பக்கத்துல மின்ங்கற ஆத்துல இருக்கற தூஜியாங்யான் பத்தி நீங்க எழுதுனத முன்னாடியே படிச்சிருந்ததால ஒரு சனிக்கிழமை ட்ரெயின் ஏறி போயிட்டேன். உண்மைய சொல்றேன், ஏமாந்துட்டேன். 2200 வருஷத்து பாசன வேலைன்னு எழுதியிருந்தீங்க. அங்க போனா, ஆத்த ரெண்டா பிரிக்கற முனைய மீன் வாய்ங்கறாங்களே, அது முழுக்க சிமென்ட், கரை சிமென்ட், பக்கத்துல ஷட்டர் வேற. கோயில்கூட நிலநடுக்கத்துக்கு அப்புறம் சரி பண்ணுனதாம். அணைன்னு சொல்ற மாதிரி ஒண்ணுமே இல்ல. டிக்கெட் காசு போனா போகுது, அதுல எது 2200 வருஷம் பழசுன்னு மட்டும் சொல்லுங்க. மீன் வாய் முன்னாடி நின்னு எடுத்த போட்டோவும் அனுப்பியிருக்கேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கோவம் நியாயம்தான் தம்பி. நானும் முதல் தடவ போனப்ப ஆடுற கயித்துப் பாலத்துல நின்னுகிட்டு, முன்னாடி கொடி புடிச்சு போற கைடோட மைக் சத்தத்துல காது அடைச்சுப்போய், இதுக்கா இவ்ளோ தூரம்னுதான் நெனச்சேன். அந்தப் பாலத்தையே 1974-ல இடம் மாத்தி திருப்பிக் கட்டியிருக்காங்க, அதுக்கு முன்னாடி மூங்கில் வடம்.

கேட்டதுக்கு நேரா பதில் சொல்லிடறேன். பழசு, மலையில வெட்டுன அந்த வாய்தான். பாவ்பிங்கோவ்னு போர்டு இருந்திருக்குமே, சுமார் 20 மீட்டர் அகலத்துல தண்ணி ஓன்னு இரைஞ்சுகிட்டு நுழையுற எடம். அதையும் அடியில சிமென்ட் போட்டு பலப்படுத்தியிருக்காங்க, ஆனா வெட்டு பழைய வெட்டு. கி.மு. 316-ல சின் அரசு அந்தப் பக்கம் இருந்த ஷூ நாட்டைப் புடிச்சது, அப்புறம் கி.மு. 256 வாக்குல அங்க ஆளுநரா வந்த லீ பிங் ஆரம்பிச்ச வேல இது. வெடிமருந்து இல்லாத காலம், பாறைய தீ மூட்டி சூடாக்கி தண்ணி ஊத்தி விரிசல் விடவச்சு எட்டு வருஷம் வெட்டுனாங்கன்னு சொல்லுவாங்க. வெட்டுனதுல மலையிலேர்ந்து தனியா நின்ன துண்டு மேலதான் ஃபூலோங் கோயில் இருக்கு, நீங்க அது வழியாத்தான் உள்ள போயிருப்பீங்க.

மத்ததெல்லாம் எந்தக் காலத்துலயும் பழசா இருந்ததே இல்ல. நான் போன தடவ எழுதுனப்ப இத சரியா சொல்லல, "கட்டினாங்க"ன்னு ஒரே வார்த்தையில தாண்டிப் போயிட்டேன், தப்பு என் மேலதான். மீன் வாய் ஆதியில மூங்கில் கூடைதான். நீள நீளமா குழாய் மாதிரி பின்னி உள்ள கூழாங்கல்ல ரொப்பி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கறது. மூங்கில் ஒரு ரெண்டு வருஷத்துல மக்கிடும், மாத்தித்தான் ஆவணும்னு தெரிஞ்சே போடறது. ஒவ்வொரு குளிர்காலமும் மூணு மரத்த முக்காலி மாதிரி கட்டி வரிசையா ஆத்துல நிறுத்தி, மேல கல்லு வச்சு, முன்னாடி மூங்கில் பாயும் களிமண்ணும் போட்டு அடைச்சிருவாங்க. ஒரு பக்கம் அடைச்சு தூர் வாருவாங்க, அப்புறம் மறுபக்கம். ஏப்ரல் ஆரம்பத்துல, முன்னோர கும்பிடற சிங்மிங் பண்டிகை சமயத்துல முக்காலி கயித்த அறுத்து இழுத்தா அடைப்பு சாஞ்சு தண்ணி வாய்க்காலுக்கு ஓடும். இப்ப அது டூரிஸ்டுக்கு ட்ரெஸ் போட்டு நடத்துற விழாவா ஆயிடுச்சு, போகட்டும்.

எவ்ளோ ஆழம் தூர் வாரணும்னு யார் சொல்றது? அதுக்கு ஆத்துக்கு அடியில இரும்புத் தடி புதைச்சிருக்காங்க. இரும்பு தட்டுப்படற வரைக்கும் வாரணும். அதுக்கு முன்னாடியே நிறுத்துனா வயலுக்கு தண்ணி பத்தாது, தாண்டி வாருனா வெள்ளத்துல ஊருக்குள்ள தண்ணி ஜாஸ்தியா வந்துடும். லீ பிங்குக்கும் அவர் மகனுக்கும் கட்டுன அர்வாங் கோயில் செவுத்துல ஆறே சீன எழுத்துல வெட்டி வச்சிருக்காங்க, ஆழமா தூர் வாரு, மிச்சத் தண்ணி வழியுற கலிங்க தாழ்வா வை. இன்னொண்ணும் உண்டு, வளைவுல மூலைய வெட்டு, நேரா ஓடற எடத்துல நடுவுல தோண்டு. பொறியியல் காலேஜ்ல நாலு வருஷம் நோட்ஸ் எழுதுன நமக்கு கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும்.

இத நிரந்தரமா ஆக்கிடலாம்னு பாத்தவங்க இல்லாம இல்ல. யுவான் காலத்துல, 1335-ல, இரும்புல ஒரு பெரிய ஆமை வார்த்து மீன் வாயில வச்சாங்க. போயிடுச்சு. மிங் காலத்துல 1550-ல ரெண்டு இரும்பு மாடு. அதுவும் போயிடுச்சு. 1877-ல திங் பாவ்ஜென்னு ஒரு பெரிய அதிகாரி மூங்கில் கூடை வேணாம்னு கல்லும் சுண்ணாம்பும் வச்சு கட்டுனாரு, அடுத்த வெள்ளத்துல சேதமாகி அவர் பதவியே இறங்கிப்போச்சு. நீங்க செங்டுல வேர்க்கடலையும் காஞ்ச மொளகாயும் போட்ட குங் பாவ் சிக்கன் சாப்ட்டிருப்பீங்க இல்ல, அந்தப் பேரு இவரோட அரசாங்கப் பட்டத்துலேர்ந்து வந்ததுதான். கல்லு நிக்கல, கோழி நின்னுடுச்சு.

நீங்க பாத்த சிமென்ட்டுக்கும் ஒரு கதை இருக்கு. 1933 ஆகஸ்ட்ல ஆத்துக்கு மேல்பக்கம் தியெஷீங்கற எடத்துல நிலநடுக்கம் வந்து மலை சரிஞ்சு ஆத்த மறிச்சு ஏரி ஆயிடுச்சு, அக்டோபர்ல அது ஒடஞ்சு வந்த வெள்ளம் மீன் வாய அடிச்சிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் 1935, 36 வாக்குல திருப்பிக் கட்டுனப்பதான் சிமென்ட் உள்ள வந்துச்சு. இந்த சிமென்ட் இன்னும் நிக்குதேன்னு கேப்பீங்க. மேல சில கிலோமீட்டர்ல ஜிபிங்பு அணை 2006-லேர்ந்து வெள்ளத்த வாங்கிக்குதுங்கறதையும் சேத்துக்கணும். அதோட மீன் வாய்க்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம் மேலயே யாங்லியூஹூன்னு இன்னொரு அணை கட்டப் பாத்து, பெரிய எதிர்ப்பு கெளம்பி 2003-ல கைவிட்டாங்க, அது வந்திருந்தா நீங்க போட்டோ எடுத்த எடத்துல பாக்கறதுக்கு நெஜமாவே ஒண்ணும் இருந்திருக்காது.

அணை மாதிரி இல்லைன்னீங்களே, அதான் விஷயமே. மின்ங்கற அந்த ஆத்த யாரும் நிறுத்தல. பிரிக்கறாங்க, அவ்ளோதான். ஆறு வளையுற எடமா பாத்து மீன் வாய வச்சு உள்ளாறு, வெளியாறுன்னு ரெண்டாக்கியிருக்காங்க. உள்ளாறு ஒடுக்கம், ஆழம். வெளியாறு அகலம், மேடு. தண்ணி கம்மியா இருக்கறப்ப ஆழத்த தேடி உள்ளாத்துக்கு பத்துல ஆறு பங்கு போகும். வெள்ளம் வந்தா அகலமான பக்கம் பரவிடும், உள்ளாத்துக்கு நாலு பங்குதான். வளைவுல மேல்தண்ணி ஒரு பக்கம் ஒதுங்கும், அடியில உருண்டு வர கல்லும் மணலும் எதிர்ப்பக்கம் போகும், அதனால வண்டல்ல பெரும்பங்கு வெளியாத்தோட போயிடுது. மீறி உள்ள வந்தத ஃபெய்ஷாயான்ங்கற கலிங்கு பாத்துக்கும். ரெண்டு மீட்டர் சொச்சம்தான் உயரம், நீங்க அது மேல நடந்தே போயிருப்பீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க. பாவ்பிங்கோவ் ஒடுக்கமா இருக்கறதால வெள்ளம் அங்க முட்டி சுழிக்கும், சுழிப்புல கல்லு மணலெல்லாம் கலிங்கு மேல ஏறி வெளியாத்துல விழும். தாழ்வா வைன்னு ஏன் எழுதுனாங்கன்னு அங்க நின்னு பாத்தாத்தான் எனக்கு வெளங்குச்சு. ஒசத்திக் கட்டுனா மணல் உள்ளயே தங்கிடும். ஆள் தொறக்கற கதவு இல்லாமயே இவ்ளோவும் நடந்திருக்கு, இன்னிக்கு ஆறு லட்சம் ஹெக்டேருக்கு மேல பாயுது.

கோயில் பத்தி நீங்க கேள்விப்பட்டது சரிதான், அர்வாங் கோயிலுக்கு 2008 மே 12 நிலநடுக்கத்துல ரொம்ப சேதம். ஊருக்குள்ள எத்தனையோ பேர் செத்தாங்க. மீன் வாயில விரிசல் விட்டதோட சரி, பாசனம் நிக்கல.

இன்னொண்ணு, ஃபூலோங் கோயிலுக்குள்ள லீ பிங் கல் சிலை பாத்தீங்களா, 2.9 மீட்டர் ஒசரம்? அது கி.பி. 168-ல செஞ்சதுன்னு அது மேலயே எழுதியிருக்கு, லீ பிங் செத்து நானூறு வருஷம் கழிச்சு, அதனால முகம் அவர் முகம்னு நம்ப வேணாம். ஆத்துல கல் மனுசங்கள நிறுத்தி தண்ணிய அளந்திருக்காங்க, வறட்சியில பாதத்துக்கு கீழ எறங்கக்கூடாது, வெள்ளத்துல தோளுக்கு மேல ஏறக்கூடாதுன்னு கணக்கு. 168-ல செஞ்ச இந்த சிலைய 1974-ல ஆத்துக்குள்ளேர்ந்துதான் எடுத்தாங்க, வேற கட்டுமானத்துக்கு தோண்டறப்ப.

அந்த போட்டோவ இன்னொரு தடவ பெருசாக்கிப் பாருங்க. கேமரா ஆறு வர்ற தெசைய பாத்து இருக்கு, அதனால வலது பக்கம் தெரியறது உள்ளாறு. இடது பக்கம் நிக்கற ஷட்டர் 1974-ல கட்டுனது, அத கைய வச்சு மறைச்சிட்டு ரெண்டு பக்கத்துத் தண்ணியையும் பாருங்க. எந்த மாசம் போனீங்கன்னு எழுதல. குளிர்காலமா, மழைக்காலமா? அத சொன்னீங்கன்னா எந்தப் பக்கம் ஜாஸ்தி ஓடியிருக்கணும்னு போட்டோவ வச்சே பாத்துடலாம்.