கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பில் இருந்துவிட்டு 51 ஆண்டுகள் அமெரிக்க செனட்டராக இருந்த ஒருவரை எப்படி மதிப்பிடுவது? பழையதை மறந்துவிடலாமா?

பெயரைப் போடாமல் கேட்டிருந்தாலும், 51 ஆண்டுகள் என்றதும் ஆள் தெரிந்துவிட்டது. மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்டு. ஹிலாரி கிளின்டனோடு அவர் இருக்கும் படம் ஏதாவது வாட்ஸாப் குழுவில் வந்து, அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ‘கூ க்ளக்ஸ் க்ளானின் தேசியத் தலைவர்’ என்று எழுதியிருந்தால் அது பொய். ஊர்க் கிளைக்குத் தலைவர், அவ்வளவுதான். உண்மையே போதுமான அளவு மோசமாக இருக்கும்போது எதற்குப் பொய்யைச் சேர்க்கிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

நான் அதே மாநிலத்தில் பெக்லி பக்கம் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்டாக, அதாவது மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்குச் சிகிச்சை தருபவராக, வேலை பார்க்கிறேன். அவர் வளர்ந்ததும், 1940களில் க்ளானுக்கு நூற்றைம்பது பேரைச் சேர்த்ததும் இதே ராலே கவுண்டியில்தான். இந்த ஊரில் அவர் பெயரைத் தாண்டாமல் காய்கறி வாங்கப் போக முடியாது, முக்கியச் சாலையே ராபர்ட் சி. பேர்டு டிரைவ். கிரீன் பேங்கில் இருக்கும் 100 மீட்டர் ரேடியோ தொலைநோக்கிக்கும் அவர் பெயர்தான். அதனால் நூலகத்தில் உட்கார்ந்து எழுதும் பதில் இல்லை இது. பேர்டின் ஜனநாயகக் கட்சிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் வருவார்கள், எனக்கு இங்கே ஓட்டே கிடையாது.

எல்லோரும் அந்த வெள்ளை முகமூடியையே பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு முகமூடியைவிட 1964 பெரிய விஷயம். கறுப்பினத்தவருக்கு உணவகத்திலும் விடுதியிலும் வேலையிலும் பாகுபாடு கூடாது என்ற குடிசார் உரிமைச் சட்டம் செனட்டுக்கு வந்தபோது, அதை வாக்கெடுப்புக்கே விடாமல் பேசிப்பேசி இழுத்தடித்தார்கள். அதில் ஜூன் 9 மாலை எழுந்த பேர்டு, மறுநாள் காலை வரை 14 மணி 13 நிமிடம் பேசினார். அப்போது அவருக்கு 46 வயது. அறியாப் பையன் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே படித்துச் சட்டப் பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. 1965 வாக்குரிமைச் சட்டத்தையும் எதிர்த்தார். 1967இல் தர்குட் மார்ஷல் முதல் கறுப்பின நீதிபதியாக உச்ச நீதிமன்றத்துக்கு வருவதையும் எதிர்த்தார். க்ளான் சேர்க்கையை இளமைத் தவறு என்று தள்ளலாம். கோட்டு சூட்டோடு, கோடிக்கணக்கான பேரின் உரிமைக்கு எதிராகப் போட்ட வாக்கை அந்தக் கணக்கில் எப்படி எழுதுவது?

அந்த இளமைத் தவறுக் கதையிலும் ஓட்டை உண்டு. 1952 தேர்தலில், ஓராண்டிலேயே ஆர்வம் போய்விட்டது என்றார். ஆனால் மேற்கு வர்ஜீனியாவில் க்ளான் மறுபடி எழ வேண்டும் என்று 1946இல் அதன் தேசியத் தலைமைக்கே அவர் எழுதிய கடிதம் பிறகு வெளியே வந்தது.

சரி, மறுபக்கம். இங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு பிளாக் லங் வரும். நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து, கடைசியில் பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார்கள். இறந்தவரின் மனைவிக்கு உதவித்தொகை வேண்டுமென்றால், சாவுக்கு அந்த நோய்தான் காரணம் என்று அவரே நிரூபிக்க வேண்டும் என்ற நிலை 1981க்குப் பிறகு வந்தது. 2010 சுகாதாரச் சட்டத்தில் பேர்டு ஒரு திருத்தம் சேர்த்து அதை மாற்றினார். கணவர் உயிரோடு இருந்தபோது உதவித்தொகை பெற்றிருந்தால் மனைவிக்குத் தானாகவே தொடரும்.

அந்த வருடம் ஜூன் 28ஆம் தேதி பேர்டு இறந்தார். உடலை மாநிலத் தலைநகர் சார்ல்ஸ்டனில், கேப்பிட்டல் என்ற சட்டமன்றக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள். எங்கள் கிளினிக்கில் ஒரு கறுப்பினத்து அம்மா, சுரங்கத் தொழிலாளியின் விதவை, தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். டிவியில் வரிசை நிற்பதைக் காட்டினார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பணிப்பெண், “உங்களுக்கு இனிமேல் வரப்போகிற பணம் அவரால்தான், போய்ப் பார்க்கவில்லையா?” என்று நல்ல மனதோடுதான் கேட்டாள். அந்த அம்மா கைப்பையை மூடிக்கொண்டே, “ஓட்டுப் போட்டேன், ஒவ்வொரு தடவையும். அதுக்காக அழச் சொல்லாதே” என்றார். தம்பி அதுவும் இல்லை, ஒரு தடவைகூடப் போட்டதில்லையாம். இரண்டு பேரும் ஒரே காரில் வந்து ஒரே காரில் போனார்கள்.

அந்தத் தம்பிக்கு வீட்டில் ஆக்சிஜன் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி எத்தனை முறை திருப்பி அனுப்பியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நடக்க வைத்து அளந்த ஆக்சிஜன் அளவு இல்லை என்பார்கள், அனுப்பினால் தேதி சரியில்லை என்பார்கள். ஃபோனில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்டால் வேறு துறைக்கு மாற்றிவிடுவார்கள். மூச்சு விட முடியாத ஆளிடம் படிவத்தை நிரப்பச் சொல்கிறவர்களை யாரும் எந்தத் தளத்திலும் மதிப்பிடக் கேட்பதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் வயிறு எரிகிறது.

பேர்டு மன்னிப்புக் கேட்டாரா? பலமுறை கேட்டார். ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன், இன்னும் கேட்கவும் தயங்கமாட்டேன் என்று 2005இல் சொன்னார். 1968 குடிசார் உரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார், மார்ட்டின் லூதர் கிங் நாளுக்கும் வாக்களித்தார். 2008இல், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்தேர்தலில் ஒபாமா இந்த மாநிலத்தில் படுதோல்வி அடைந்த அடுத்த வாரமே அவருக்கு ஆதரவு அறிவித்தார். உள்ளூரில் அது பிடிக்காத காரியம் என்று தெரிந்தே செய்ததால் நான் அதை மதிக்கிறேன். இறந்தபோது கறுப்பினத்தவரின் பழம்பெரும் உரிமை அமைப்பான என்ஏஏசிபி-யே புகழ்ந்து அறிக்கை விட்டது. இடையில் 2001இல் டிவி பேட்டியில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்த அசிங்கமான சொல்லைப் பயன்படுத்திவிட்டு அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

சாலையும் மருத்துவமனையும் கொண்டுவந்ததை மட்டும் இந்தத் தராசில் வைக்காதீர்கள். அது வரிப்பணம், அவர் வீட்டுச் சொத்து இல்லை. மாறினார் என்பதற்கு அவருக்கே நஷ்டம் வரக்கூடிய இடத்தில் என்ன செய்தார் என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் கடைசிப் பத்துப் பதினைந்து வருடங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. அதனால் 1964 அழிந்துவிடாது, ‘மறந்துவிடலாமா’ என்று என்னைக் கேட்டும் பயனில்லை. தஞ்சாவூரிலிருந்து வந்த நான் யார் அதைத் தள்ளுபடி செய்ய?

“அப்போது ஸ்ட்ராம் தர்மண்ட்?” என்று கமெண்ட்டில் கேட்கப் போகிறவர்களுக்கு: அவரும் செனட்டர்தான், 1957இல் அப்போது வந்த குடிசார் உரிமைச் சட்டத்தை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசிய ஆள். கறுப்பினப் பணிப்பெண்ணிடம் பெற்ற மகளைக் கடைசிவரை வெளியே ஒப்புக்கொள்ளவில்லை. பேர்டு கேட்ட மாதிரி மன்னிப்பும் கேட்கவில்லை. எனக்கு அவர் விஷயத்தில் இவ்வளவு யோசனை வருவதில்லை. தனிக் கேள்வியாகப் போடுங்கள், எழுதுகிறேன்.