கேம்பிரிட்ஜில் எந்தக் கல்லூரி? கேள்வி பதில்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காக இந்தக் கேள்வி பதில். நான் அங்கே படித்தேன். அப்புறம் சில ஆண்டுகள் இளநிலை மாணவர்களுக்கு இயற்பியல் சூப்பர்விஷன் எடுத்தேன். கல்லூரித் தேர்வு பற்றி எதையும் கேளுங்கள். விசா, வங்கிக் கடன் எல்லாம் எனக்குத் தெரிந்த துறை இல்லை.

கோவை: அக்கா, அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் கல்லூரிகள் இருக்கிற மாதிரிதானா இதுவும்?

இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம் ஊரில் இணைப்புக் கல்லூரிக்கு அதற்கென்று ஆசிரியர்கள், ஆய்வகம், வேலைவாய்ப்பு எல்லாம் உண்டு. அதனால் கல்லூரிக்குக் கல்லூரி படிப்பே மாறும். கேம்பிரிட்ஜில் விரிவுரை, ஆய்வகம், தேர்வு, பட்டம் நான்கும் பல்கலைக்கழகத்தினுடையவை. பீட்டர்ஹவுஸ் 1284-ல் தொடங்கியது, ராபின்சன் 1977-ல். இரண்டிலும் இருக்கிற இயற்பியல் மாணவர்கள் ஒரே அரங்கில் உட்கார்ந்து ஒரே தேர்வுதான் எழுதுகிறார்கள்.

கல்லூரி செய்வது வேறு. உங்களைத் தேர்ந்தெடுப்பது, அறை தருவது, சாப்பாடு போடுவது, படிப்பைக் கவனிக்க ஒரு டைரக்டர் ஆஃப் ஸ்டடீஸை நியமிப்பது, சூப்பர்விஷன் ஏற்பாடு செய்வது எல்லாம் அதன் பொறுப்பு. சூப்பர்விஷன் என்றால் ஒரு ஆசிரியர் முன்னால் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்த விடைகளை வரி வரியாகப் பேசுவது. அந்த ஆசிரியரும் பல நேரம் வேறு கல்லூரிக்காரராகவே இருப்பார்.

மொத்தம் 31 கல்லூரிகள். டார்வின், கிளேர் ஹால் இரண்டும் முதுநிலைக்கு மட்டும். நியூனம், மர்ரே எட்வர்ட்ஸ் பெண்களுக்கு மட்டும். ஹியூஸ் ஹால், உல்ஃப்சன், செயின்ட் எட்மண்ட்ஸ் மூன்றும் இளநிலையில் 21 வயது ஆனவர்களைத்தான் எடுக்கின்றன.

மதுரை: எந்தக் கல்லூரியில் போட்டி குறைவு? அங்கே போட்டால் உள்ளே நுழைந்துவிடலாம் அல்லவா?

இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஒரு கல்லூரிக்குத் தகுதியானவர்கள் அளவுக்கு மிஞ்சி வந்தால், அவர்களை அது ‘விண்டர் பூல்’ என்ற குளிர்காலப் பொதுப் பட்டியலில் போடும். டிசம்பரில் நேர்காணல், ஜனவரியில் இந்தப் பட்டியல். இடம் மிச்சமுள்ள கல்லூரிகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் கணிசமானவர்கள் இப்படித்தான் தாங்கள் கேட்காத கல்லூரியில் சேர்கிறார்கள். நல்ல மாணவர் கல்லூரியின் பெயரால் தவறிப்போகக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. தகுதி குறைந்தவரை எந்தக் கல்லூரியும் இடம் காலி என்பதற்காக எடுப்பதில்லை.

யாழ்ப்பாணம்: கல்லூரிக்கென்று தனியாகவும் காசு கட்ட வேண்டுமாமே? மகனுக்குச் சமைத்துச் சாப்பிட வசதி இருக்குமா?

ஐயா, எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. வெளிநாட்டு இளநிலை மாணவர்கள் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு கல்லூரிக் கட்டணமும் கட்ட வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 பவுண்டு வரும். கல்லூரிக்குக் கல்லூரி மாறும், ஆகவே அந்தந்தக் கல்லூரித் தளத்தில் இந்த ஆண்டின் தொகையைப் பாருங்கள்.

அடுத்தது அறை. மூன்று ஆண்டும் கல்லூரி அறை கிடைக்குமா, வாடகை எந்த வரம்பில் இருக்கிறது என்று கேளுங்கள். அதைவிட முக்கியமானது விடுமுறை. அங்கே ஒரு பருவம் எட்டு வாரம்தான். டிசம்பர் தொடக்கத்தில் முடிந்து, மறுபடி ஜனவரி நடுவில்தான் தொடங்கும். மார்ச், ஏப்ரலிலும் அப்படி ஓர் இடைவெளி. சில கல்லூரிகளில் அந்த வாரங்களில் அறையைக் காலி செய்ய வேண்டும். லண்டன் பிள்ளைக்கு அப்பா காரோடு வந்துவிடுவார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை பெட்டிகளை எங்கே வைக்கும்? ஆகவே விடுமுறையில் தங்க விடுவார்களா, அதற்கு என்ன வாடகை, பொருள் வைக்க இடம் உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சமையல்: அறைகளுக்குப் பொதுவாக இருக்கிற சின்னச் சமையலறையை அங்கே ‘ஜிப்’ என்பார்கள். சில கட்டடங்களில் அடுப்பு, அவன், குளிர்பெட்டி எல்லாம் இருக்கும். சில பழைய கட்டடங்களில் மைக்ரோவேவும் கெட்டிலும்தான். சோறும் குழம்பும் வைக்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தினமும் தெரியும். நூற்றாண்டுப் பழைய முற்றத்தின் அழகைப் பார்த்து முடிவு செய்வதற்கு முன்னால் ஜிப்பின் படத்தைக் கேளுங்கள்.

லண்டன், ஹாரோ: மகளுக்குச் சட்டம் படிக்க ஆசை. கர்ட்டன் ரொம்பத் தூரம் என்கிறார்களே?

நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர். சைக்கிள் ஓட்டுவார் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் திரும்பி வரும்போது காசில் ஹில் மேடு ஏற வேண்டும். சட்டத் துறை சிட்ஜ்விக் வளாகத்தில் இருக்கிறது. செல்வினும் நியூனமும் அதற்குப் பக்கத்திலேயே உள்ளன. கர்ட்டனில் தோட்டமும் நீச்சல் குளமும் உண்டு, அமைதி பிடித்தவர்களுக்கு நல்ல இடம். ஒரு மழை நாளில் மகளையே அழைத்துப் போய்ப் பாருங்கள்.

கும்பகோணம்: அக்கா, கணிதம்தான் என் விருப்பம். ராமானுஜன் இருந்த டிரினிட்டிக்குத்தானே போட வேண்டும்?

தம்பி, உங்கள் ஊர்க்காரருக்கு இந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் நடந்ததைப் பாருங்கள். ராமானுஜன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து வந்தபோது அவருக்கு வயது 26. ஏற்கெனவே ஆராய்ச்சியாளர். அவர் வந்தது ஹார்டி என்ற கணித அறிஞரைத் தேடி. ஹார்டியும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த லிட்டில்வுட்டும் டிரினிட்டியில் இருந்ததால் அவரும் டிரினிட்டி. அதே டிரினிட்டி 1917-ல் அவரை ஃபெல்லோவாக, அதாவது கல்லூரியின் மூத்த உறுப்பினராக, தேர்ந்தெடுக்கவில்லை. 1918-ல் ராயல் சொசைட்டி அவரை ஏற்றுக்கொண்ட பிறகு, அந்த அக்டோபரில்தான் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டே ஹார்டி ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டார். நீங்கள் 18 வயதில் இளநிலைக்குப் போகிறீர்கள். உங்களுக்குப் பாடம் நடத்தப் போகிறவர்கள் எல்லாக் கல்லூரி மாணவர்களுக்கும் சேர்த்துத்தான் நடத்துவார்கள்.

சென்னை: இதை ஏற்க முடியாது. வானியற்பியலாளர் சந்திரசேகரும் டிரினிட்டிதான். ஒரே இடத்திலிருந்து இத்தனை பேர் வந்தால் அந்த இடத்துக்குப் பங்கே இல்லையா?

சந்திரசேகர் 1930-ல் போனது இயற்பியலாளர் ஃபௌலரிடம் ஆராய்ச்சி செய்ய. ஃபௌலர் டிரினிட்டிக்காரர். நீங்கள் என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறீர்கள். ஆராய்ச்சிக்குப் போகிறவர் ஆசிரியரைத் தேடிப் போகிறார், கல்லூரி பின்னால் வருகிறது. பெரியவர்கள் மற்றக் கல்லூரிகளிலும் இருந்தார்கள். இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம் கிரைஸ்ட்ஸ், மன்மோகன் சிங் செயின்ட் ஜான்ஸ்.

சென்னை, மறுபடியும்: டிரினிட்டி பணக்காரக் கல்லூரி. அதனால் கிடைக்கும் உதவிகளைச் சொல்லாமல் விடுகிறீர்களே?

நியாயமான கேள்வி. பணம் உள்ள கல்லூரியில் புத்தகத்துக்கும் பயணத்துக்கும் உதவித்தொகை தாராளமாக இருக்கும், நெருக்கடி வந்தால் கைகொடுக்க நிதியும் இருக்கும். இது உண்மையான காரணம், இதற்காகத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்றும் உண்டு. டிரினிட்டி கணிதத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 40 பேரை எடுக்கிறது, வேறு பல கல்லூரிகளில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு கணக்கைப் பற்றிப் பேச நாற்பது பேர் இருப்பது சிலருக்குச் சொர்க்கம். சிலருக்கு மூச்சு முட்டும். முதல் பருவத்திலேயே தன்னை மற்றவர்களோடு ஒப்பிட்டு ஒடுங்கிப்போன கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கும்பகோணம் தம்பி தன் சுபாவத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். எந்தக் கல்லூரியானாலும் கணிதத்துக்கு ஸ்டெப் என்ற தனி நுழைவுத் தேர்வு உண்டு, இன்றைக்கே பழைய வினாத்தாள்களை எடுங்கள்.

சேலம்: பொறியியலுக்கு எந்தக் கல்லூரியில் சுலபம்?

மதுரைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சிங்கப்பூர்: டாம்கின்ஸ் பட்டியலில் முதல் ஐந்துக்குள் போட வேண்டும் என்கிறார் அப்பா.

தேர்வு முடிவுகளை வைத்துக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் பட்டியல் அது, 1981-ல் தொடங்கியது. யார் உள்ளே வந்தார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டும். அப்பாவிடம் வாடகைப் பட்டியலைக் காட்டுங்கள்.

திருநெல்வேலி: மாநிலப் பாடத்திட்ட மதிப்பெண்ணை ஏற்பார்களா?

இது கல்லூரித் தேர்வு சார்ந்த கேள்வி இல்லை. பல்கலைக்கழகத் தளத்தில் இந்தியாவுக்கான பக்கம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, விருப்பக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு நேரடியாக எழுதுங்கள், பதில் போடுவார்கள்.

கண்டி: மருத்துவம்?

வெளிநாட்டு மாணவர்களுக்கான இடங்களுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மிகக் குறைவு. எந்தக் கல்லூரி வெளிநாட்டவரை எடுக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

திருச்சி: பிஎச்டிக்கு?

ஆய்வு வழிகாட்டியைத் தேடுங்கள். துறை இடம் கொடுத்தால் ஏதாவது ஒரு கல்லூரி உங்களைச் சேர்த்துக்கொள்ளும். தனிக் கல்லூரிக் கட்டணமும் இல்லை. குடும்பத்தோடு போகிறவர் என்றால் தம்பதியர் குடியிருப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

ஈரோடு: பொருளாதாரத்துக்கு யாரும் அதிகம் போடாத கல்லூரி ஏதாவது?

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கதவு இல்லை. இதைத் தேடுகிற நேரத்தில் பொருளாதாரத்துக்கு எழுத வேண்டிய டிஎம்யூஏ நுழைவுத் தேர்வின் மாதிரித் தாள் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். தயவுசெய்து இதே கேள்வியை இனி வேண்டாம்.

தஞ்சாவூர்: எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை அக்கா. கல்லூரியே எழுதாமல் விடலாமா?

விடலாம். அதற்குத் திறந்த விண்ணப்பம் என்று வழியே இருக்கிறது. உங்கள் பாடத்துக்கு அந்த ஆண்டு விண்ணப்பம் குறைவாக வந்த கல்லூரி ஒன்றைப் பல்கலைக்கழகமே ஒதுக்கும். வாய்ப்பு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஒதுக்கிய பிறகு மாற்ற முடியாது, அவ்வளவுதான். ஆனால் சமையலும் விடுமுறைத் தங்கலும் உங்களுக்கு முக்கியம் என்றால் அதை அவர்கள் கையில் விடாதீர்கள். இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு எழுதிக் கேட்டு நீங்களே ஒன்றைப் போடுங்கள். பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பத் தளமான யூகாஸில் கடைசி நாள் அக்டோபர் 15. ஒரே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.