வேலூர்ப் பக்கம் அமிர்திக் காட்டுக்குப் போய்வந்ததிலிருந்து இடுப்பைச் சுற்றி ஒரே அரிப்பு, சிவப்புத் தடிப்பு. வீட்டிலேயே என்ன செய்யலாம்?

பாவாடை நாடா, பெல்ட், சாக்ஸ் விளிம்பு என்று துணி இறுக்கும் இடத்தில் கும்பலாகத் தடித்திருந்தால், அநேகமாகப் புல்லிலிருந்து ஏறிய பொடி உண்ணிதான். அது தோலைத் துளைத்து உள்ளே குடியிருப்பதில்லை. மேலே ஒட்டி எச்சிலை இறக்கும். அரிப்பு அந்த எச்சிலால். சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தாலே உண்ணி போய்விடும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும். போட்டிருந்த துணியை வெந்நீரில் துவையுங்கள்.

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் 10 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். பிறகு காலமைன் லோஷன், பாட்டிலை நன்றாகக் குலுக்கி, ஒரு நாளைக்கு 3 முறை. அடங்காவிட்டால் 1% ஹைட்ரோகார்டிசோன் கிரீம், மெல்லிசாகக் காலையும் இரவும், ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். கீறிப் புண்ணான இடத்தில் தடவக்கூடாது. அரிப்பால் தூக்கம் கெட்டால் பெரியவர்களுக்கு இரவில் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை 10 மி.கி. மருந்துக்கடையில் 'எல்லாத்துக்கும் கேக்கும்' என்று தரும் கலவைக் கிரீம்களில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும், வாங்காதீர்கள்.

ராத்திரியில் அதிகமாக, விரல் இடுக்கில் அரித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால் அது அநேகமாகச் சிரங்கு, அதாவது ஸ்கேபிஸ். 5% பெர்மெத்ரின் கிரீமைக் கழுத்திலிருந்து கால்வரை தடவி, 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில். 7 நாள் கழித்து மறுபடியும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்டு.

நான் அதிகம் கவலைப்படுவது அரிக்காத கடியைப் பற்றித்தான். வேலூர்ப் பக்கம் மழை முடிந்த குளிர் மாதங்களில் உண்ணிக்காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைஃபஸ், நிறைய வரும். அதைப் பரப்பும் உண்ணி கடித்த இடம் பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு மட்டும் இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ் என்று மறைவான இடங்களில் இருப்பதால் கண்ணில் படாது. கண்ணாடி வைத்தாவது தேடுங்கள். பொருக்கே இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும்.

போய்வந்த 3 வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புதரில் இருந்ததைச் சொல்லுங்கள், பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள். வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கான அமாக்சிசிலின் இதற்குக் கேட்காது. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின்தான் கேட்கும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளைவரை பாதிக்கும்.