பாட்டியோட கல்சட்டியைச் சிங்கப்பூர் கொண்டு வரலாமா?

வணக்கம் தங்கச்சி. காரைக்குடியிலிருந்து வந்து செங்காங்ல வாடகை வீட்ல இருக்கோம், தினமும் மிஞ்சுற சோறையும் குழம்பையும் குப்பை போடுற குழாயில, அதான் சூட்ல (chute), தள்ளி விட மனசு வரலை, ஊர்ல மாமியார், பாட்டி காலத்துக் கல்சட்டி, பணியாரக்கல், ஊறுகாய் ஜாடி, ஈயச்சொம்பு, பித்தளைக் குடம் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போன்னு சொல்றாங்க, வீட்டுக்காரர் வைக்க இடம் எங்கங்கிறார், என்ன செய்யன்னு கேட்டிருந்தீங்க. ரெண்டு கேள்வியா எழுதியிருக்கீங்க, எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. உங்க வீட்ல அடிக்கடி எது மிஞ்சுதுன்னு கொஞ்ச நாள் கவனிங்க, அந்த மிச்சத்துக்கு எந்தப் பாத்திரம் உதவுமோ அதை மட்டும் கொண்டு வாங்க. ஷோகேஸ்ல வைக்கன்னு எதையும் சுமந்துட்டு வராதீங்க, நம்ம வீட்டுப் பெரியவங்க அதெல்லாம் பார்க்கவா வாங்கினாங்க, மிஞ்சினதை வீணாக்காம ஆக்கிப் போடத்தானே வாங்கினாங்க.

ஆனா அடுப்பு என்னன்னு சொல்லலையே நீங்க. இண்டக்‌ஷன்னா கல்சட்டி, பித்தளை, ஈயச்சொம்பு எதுவும் சூடாகாது, இரும்புப் பணியாரக்கல்லும் அடி தட்டையா இல்லாததால சரியா உக்காராது. கேஸ்னா கவலையில்லை. வாடகை ஒப்பந்தத்துல லைட் குக்கிங், அதாவது லேசான சமையல் மட்டும்னு போட்டிருக்கான்னும் ஒரு தடவை பாத்துக்கோங்க, இங்க நிறைய ஓனர் அப்படிப் போடுவாங்க, அப்புறம் குழம்பு வாசனைக்கெல்லாம் பேச்சு வரும்.

கேஸ் இருந்தா என் ஓட்டு முதல்ல கல்சட்டிக்குத்தான். நம்ம பக்கம் விசேஷம் முடிஞ்ச மறுநாள் மிஞ்சின சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு சுண்ட வைப்பாங்களே, அந்தச் சுண்டக்கறி கல்சட்டியில வர்ற மாதிரி நான்ஸ்டிக்ல வரவே வராது, கல்லு சூட்டை மெதுவா வாங்கி மெதுவாத்தான் விடும், அடுப்பை அணைச்சதுக்கு அப்புறமும் உள்ள ரொம்ப நேரம் கொதிச்சுட்டே இருக்கும், அதனால கொஞ்சம் முன்னாடியே அணைச்சிடணும். இங்க வாரநாள்ல பாதி நேரம் சாப்பாட்டுக் கடைங்க ஒண்ணா இருக்கிற ஹாக்கர் சென்டர்லயே சாப்பிட்டுடுறோம், வீட்ல வச்ச குழம்பு ஒவ்வொரு கிண்ணமா ஃப்ரிட்ஜ்ல சேரும், வெள்ளிக்கிழமை ராத்திரி அதையெல்லாம் எடுத்துச் சுண்ட வச்சா சனிக்கிழமை காலை தோசைக்குத் தொட்டுக்க வேற எதுவும் வேணாம். ரொம்ப வருஷம் பரண்ல கிடந்த சட்டின்னா எடுத்த உடனே அடுப்புல ஏத்தாதீங்க, உள்ளயும் வெளியயும் நல்லெண்ணெயும் மஞ்சளும் தடவி வச்சு, அப்புறம் தினமும் சூடான வடிகஞ்சி ஊத்தி ஊத்திப் பழக்கிட்டு, முதல்ல சின்னத் தீயில தண்ணி மட்டும் கொதிக்க விடுங்க. வெறும் சட்டியைப் பெரிய தீயில வச்சா விரிசல் விட்டுடும். தாளிக்கிறதைத் தனியாத் தாளிச்சுக் கொட்டுங்க.

பணியாரக்கல் பத்தி யோசிக்கவே வேணாம், கொண்டு வாங்க. இந்த ஊர்ச் சூட்டுக்கு மாவு சீக்கிரம் புளிச்சுடும், மூணாவது நாள் இட்லிக்கு ஆகாத மாவுல வெங்காயம் பச்சமிளகாய் வதக்கிப் போட்டுச் சுட்டா பிள்ளைங்க தட்டைக் காலி பண்ணிடும். ஈரக்காத்துக்கு இரும்பு உடனே துருப்பிடிக்கும், கழுவினதும் அடுப்புல காய வச்சு எண்ணெய் தடவி வச்சிடுங்க.

சோறு விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. ஊர்ல மாதிரி ராத்திரி முழுக்க சோத்தை வெளிய வைக்காதீங்க, இங்க ராத்திரியும் புழுக்கம்தான், சோத்துல வர்ற ஒரு வகை கிருமி வேக வச்சாலும் சாகாத வித்தா இருந்து அப்புறம் பெருகும், அது விடுற நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க. மறுநாள் அதை ஜீரகம், பச்சமிளகாய், உப்பு சேர்த்து அரைச்சு நாழியில பிழிஞ்சு வடகம் போடலாம், வீட்ல பழைய முறுக்கு நாழி இருந்தா அதுவும் பெட்டியில ஒரு ஓரமா வரட்டும். கல்சட்டியைப் பாட்டியோட பழைய காட்டன் சேலையில சுத்திக் கொண்டு வந்தீங்கன்னா அந்தச் சேலையே வடகம் பிழிய விரிப்பாயிடும். காரிடார்ல மட்டும் காயப் போடாதீங்க, தீ விபத்துன்னா ஆளுங்க ஓடுறதுக்கு 1.2 மீட்டர் வழி விடணும்னு விதி இருக்கு. ஜன்னலோரமா ஒரு தட்டுல வைங்க. நவம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் மழையில ஒண்ணும் காயாது, பிப்ரவரி பொதுவா மழை கம்மி, அப்ப மொத்தமாப் போட்டுக்கலாம்.

ஜாடியில சாறு பிழிஞ்ச எலுமிச்சைத் தோலை உப்பும் மஞ்சளும் போட்டுச் சேர்த்துட்டே வரலாம், தினமும் ஒரு குலுக்கு குலுக்கினா போதும். ஆனா உள்பூச்சு வெடிச்சிருந்தா புளிப்பு எதுவும் போடாதீங்க, பழைய பூச்சுல காரீயம்ங்கிற நச்சு உலோகம் இருக்க வாய்ப்பு உண்டு, அப்படின்னா கரண்டி போட்டு வைக்க வச்சுக்கோங்க. ஈயச்சொம்பும் சுத்த வெள்ளீயம்னு உறுதியாத் தெரிஞ்சாத்தான். அது 232 டிகிரியிலயே உருகிடும், மிஞ்சின பருப்புத் தண்ணியும் புளித்தண்ணியும் ஊத்தின பிறகுதான் அடுப்பைப் பத்த வைக்கணும்.

இத்தனைக்கும் பிறகு தோலும் காம்பும் அந்தக் குப்பைச் சூட்டுக்குத்தான் போகும், போகட்டும், இறுக்கிக் கட்டிப் போடுங்க, இல்லைன்னா கரப்பான் ஏறி வரும். இங்க குப்பையை எரிச்சு அந்தச் சாம்பலைப் படகுல செமாகாவ் தீவுக்குக் கொண்டு போய்க் கொட்டுறாங்க, நாட்டுக்கே இருக்கிற ஒரே குப்பைக்கிடங்கு அதுதான், 1999ல திறந்தது, 2035 வாக்கில நிரம்பிடும்னு சொல்றாங்க. அதனாலதான் ஒரு கிண்ணம் குழம்புன்னாலும் நான் விடமாட்டேன். அரிசி கழுவின தண்ணியைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊத்துங்க, தொட்டிக்கு அடியில இருக்கிற தட்டுல மட்டும் தண்ணி தேங்கக் கூடாது, டெங்கு கொசு சோதனைக்கு வீட்டுக்கே வருவாங்க.

பித்தளைக் குடம் பெருசுன்னா ஊர்லயே இருக்கட்டும், அதுக்கு இங்க வேலையில்லை. சின்னதுன்னா மாமியாரைத் தைப்பூசத்துக்கு வரச் சொல்லி அவங்க கையிலயே கொண்டு வரச் சொல்லுங்க. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்கு அந்தக் குடத்துலயே அவங்களோட சேர்ந்து பால் எடுத்துட்டு நடக்கலாம். பால்குடத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்கணும், எப்பத் தர்றாங்கன்னு கோயில்ல கேட்டு வச்சுட்டு அப்புறம் அவங்களுக்கு ஃப்ளைட் போடுங்க.