பழைய மாருதி 800: இரண்டு நாள் நின்றால் ஸ்டார்ட் ஆக வெகுநேரம் பிடிக்கிறது, ஏன்?

ஏற்காட்டில் இருக்கும் கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி, ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் அன்று முழுக்கப் பிரச்சினை இல்லை என்கிறீர்கள். அப்படியானால் குளிரைவிட பெட்ரோல் வந்துசேராததைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

காலையில் சாவி போடும் முன் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, சோக் தகடு (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் மூடி) திறந்திருக்க, கார்பரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கேபிளைக் கையால் இழுங்கள். பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். வரவில்லையா? கார்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறை பெரும்பாலும் காலி. நிற்கும்போது அதிலுள்ள பெட்ரோல் கொஞ்சம் ஆவியாவது சகஜம். டேங்கிலிருந்து வரும் லைனில் பெட்ரோல் நின்றால் எஞ்சின் சில சுற்று சுற்றியதுமே நிரம்பிவிடும். ரப்பர் ஹோஸ் வெடித்துக் காற்று வாங்கினாலோ, பம்ப் வால்வு தேய்ந்தாலோ லைன் முழுக்க டேங்குக்கே இறங்கிவிடும். அப்புறம் பேட்டரிதான் பாவம்!

ஹோஸை முதலில் மாற்றுங்கள், செலவு குறைவு. இப்போதைய 20% எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது. எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேளுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் பம்ப்.

பீய்ச்சுகிறது, ஆனாலும் அடம்பிடிக்கிறது என்றால் சோக் கேபிள் தகட்டை முழுசாக மூடுகிறதா பாருங்கள்.

சேலத்தில் டியூன் செய்த கார்பரேட்டர் ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தில் கொஞ்சம் ரிச்சாகத்தான் (காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாக) ஓடும். அதனால் சூடான எஞ்சினுக்கு சோக் இழுக்காதீர்கள்.