த சோனிக்ஸ் குழுவின் 'சைக்கோ-சோனிக்' தொகுப்பு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கராஜ் ராக், அதாவது மெருகில்லாத கரடுமுரடான ராக் இசை, கேட்கத் தொடங்கியிருக்கிறேன். சோனிக்ஸ் குழுவின் எந்த ஆல்பத்தை முதலில் வாங்கலாம்?

பதில்: யோசிக்கவே வேண்டாம், தம்பி. 'சைக்கோ-சோனிக்' வாங்குங்கள். பிக் பீட் நிறுவனம் 1993இல் வெளியிட்ட தொகுப்பு. 1965இல் வந்த 'ஹியர் ஆர் த சோனிக்ஸ்', 1966இல் வந்த 'பூம்' இரண்டும் ஒரே குறுந்தட்டில் கிடைக்கின்றன. அசல் மாஸ்டர் டேப்பிலிருந்து (மூலப் பதிவு நாடா) எடுத்தது என்பதால் டிரம்ஸின் அடி நெஞ்சில் விழுகிறது.

கேள்வி: இவர்கள் எந்த ஊர்?

பதில்: அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள டகோமா. லாரி பரிப்பா கிதார், அவருடைய அண்ணன் ஆண்டி பேஸ், ஜெர்ரி ரோஸ்லி பாட்டும் ஆர்கனும், ராப் லிண்ட் சாக்ஸபோன், பாப் பென்னட் டிரம்ஸ்.

கேள்வி: ஒலி உடைந்து இரைகிறதே. என் ஸ்பீக்கரில் கோளாறா?

பதில்: உங்கள் ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கிறது. முதல் ஆல்பத்தை சியாட்டிலில் ஒலிப்பதிவாளர் கியர்னி பார்ட்டன் இரண்டே டிராக் (ஒலித்தடம்) உள்ள கருவியில் பதிவுசெய்தார். டிரம்ஸ் முழுவதற்கும் ஒரே மைக். பின்னாளில் நிர்வானா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் வியந்து புகழ்ந்தது இந்த டிரம்ஸ் ஒலியைத்தான். 'பூம்' பதிவின்போது, எதிரொலி வராமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளையே பிய்த்தெறிந்தார்கள். 'சைக்கோ' பாட்டில் ரோஸ்லி வீறிடும் இடத்தைக் கவனியுங்கள். குரல் பிசிறடிக்கும்போது டேப்பும் சேர்ந்து பிசிறடிக்கிறது. தெரிந்தே விட்ட பிசிறு அது. துடைத்துச் சுத்தம் செய்தால் பாட்டே செத்துவிடும்.

கேள்வி: 'ஸ்ட்ரிக்னைன்' என்று ஒரு பாட்டு. அப்படியென்றால் என்ன?

பதில்: எட்டிக்கொட்டையில் இருக்கும் நஞ்சு. எட்டிக்காயைக் கசப்புக்கு உவமையாகச் சொல்வோம், வாயில் வைக்க மாட்டோம். சிலருக்குத் தண்ணீர் பிடிக்கும், சிலருக்கு ஒயின் பிடிக்கும், எனக்கு இதுதான் என்று பாடுகிறார் ரோஸ்லி. மற்ற குழுக்கள் கடற்கரையையும் காரையும் பாடிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் சூனியக்காரியையும் சாத்தானையும் பாடினார்கள். அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு இவர்களைப் பிடிக்கும்.

கேள்வி: 1967இல் வந்த மூன்றாவது ஆல்பம் இதில் இல்லையே?

பதில்: அது ஜெர்டன் நிறுவனத்துக்காக ஹாலிவுட்டில் பதிவானது. மெருகேற்றி மெருகேற்றி ஆளையே மாற்றிவிட்டார்கள். குழுவினருக்கே அது பிடிக்கவில்லை. இல்லாதது குறையில்லை.

கேள்வி: பழைய இசைத்தட்டுக் கடையில் 'சின்டரெல்லா' பார்த்தேன். அதுவும் தொகுப்புதானா?

பதில்: பாட்டுப் பட்டியலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நானும் அப்படி நம்பித்தான் வாங்கினேன். ஆனால் 1980இல் ரோஸ்லி வேறு வாத்தியக்காரர்களோடு பழைய பாட்டுகளை மறுபடி பாடிய தட்டு அது. பென்னட்டின் டிரம்ஸ் இல்லாமல் என்னால் கேட்க முடியவில்லை. காசு மிஞ்சினால் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்டீரியோப் பதிப்பு தேடலாமா?

பதில்: வேண்டாம். மோனோதான், அதாவது இடம் வலம் பிரிக்காத ஒற்றை ஒலிதான், இதன் பலம். எல்லா வாத்தியமும் ஒரே இடத்திலிருந்து முட்டிக்கொண்டு வர வேண்டும். 2015இல் ரோஸ்லியும் லாரியும் லிண்டும் மீண்டும் கூடி ஆல்பம் போட்டபோதும் மோனோவில்தான் பதிவுசெய்தார்கள்.